குதிரை, நாய், பூனை ஆகியவற்றின் குருதியில் வாழும் ஒட்டுண்ணிகள்

மனிதனோடு நெருங்கி வாழும் விலங்குகளுள் குதிரை, நாய், பூனை ஆகிய மூன்றும் ஒரு தனி இடம் பெற்றவை. ஆடுமாடுகளைப்போல் பாலுக்காகவோ எருவிற்காகவோ இவை வளர்க்கப்படுவதில்லை. ஆகவே இவற்றின் நோய்களைப் பற்றிய ஆராய்ச்சி செல்வர்களின் பொழுதுபோக்கைச் சார்ந்தது என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் சரியன்று என்பதை விளக்க, இந்திய நாட்டில் நடைபெற்ற சில ஆராய்ச்சிகளே போதுமானவை. இவ்விலங்குகளின் குருதியில் காணப்பெற்ற ஒட்டுண்ணிகளை ஆராய்ந்தவர்கள், உழவனின் எருமையைப் பற்றியும், மனிதனுக்கு வரும் யானைக்கால் நோயைப் பற்றியும் வேறு வழியில் அறிந்திருக்க முடியாத பல உண்மைகளை அறிந்தனர்.

திருவனந்தபுரத்தில் கிள்ளியாற்றின் பக்கத்தே அமைந்த வலியசாலை போன்ற ஒரு பழைய குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். வீடுகள் சுவரோடு சுவராக நிற்கும் தெருவில் திண்ணையடியில் நாய் படுத்திருக்கும். கொல்லைப்புறத்தில் பூனை காத்திருக்கும். உள்ளே குழந்தைகள் உறங்குவர். இரவில் வரும் கொசு இவர்களுள் யாருடைய குருதியையும் உறிஞ்சக்கூடும். நாயின் குருதியில் உள்ள ஓர் ஒட்டுண்ணி, அந்த நாய்க்கு எவ்விதத் துன்பமும் தராமல் இருக்கும்போதே, அடுத்த அறையில் உறங்கும் மனிதனுக்குத் தீங்கு செய்யுமா? மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இக்கேள்வி எளியதாகத் தோன்றும். ஆனால் இதைக் கேட்கக் கற்றுக்கொள்வதற்கே மருத்துவ விஞ்ஞானத்திற்கு நெடுங்காலம் பிடித்தது. அவ்வரலாறு நாயிலிருந்து தொடங்கவில்லை, கொசுவிலிருந்தும் தொடங்கவில்லை. வடமேற்கே வெகுதொலைவில், சிந்து நதிக்கரையில் மடிந்த குதிரைகளிலிருந்து தொடங்குகிறது.

சுர்ரா நோயும் எவன்ஸின் ஆராய்ச்சியும்

இன்று பாகிஸ்தானில் உள்ள தேரா இஸ்மாயில் கான் என்னும் ஊரில் 1880-ஆம் ஆண்டில் பட்டாளத்துக் குதிரைகளும் ஒட்டகங்களும் ஒரு வகை நோயால் மாண்டன. குதிரைக்குச் சில நாட்கள் காய்ச்சல் வரும், பின்னர் தணியும், மீண்டும் வரும். தீனி தின்பதில் குறைவிராது. எனினும் உடல் நாளுக்கு நாள் மெலியும். கால்களிலும் வயிற்றின் அடிப்புறத்திலும் நீர் கோத்து வீங்கும். கண்ணிமையின் உட்புறம் வெளிறிப்போகும். இறுதியில் பின்னங்கால்கள் தள்ளாடிக் குதிரை கீழே விழும். அப்பகுதி மக்கள் இதனைச் சுர்ரா என்று வழங்கினர். அழுகிப்போனது என்பது அச்சொல்லின் பொருள். உயிரோடிருக்கும்போதே உடல் நசித்துப்போவதைக் கண்டவர்கள் இட்ட பெயர் அது. மருத்துவ நூல்களில் பின்னர் வழங்கிய பெயர்கள் எதுவும் இதைப்போல் நோயின் தன்மையை ஒரே சொல்லில் உணர்த்தவில்லை.

இந்நோயை ஆராய அனுப்பப்பெற்றவர் கிரிபித் எவன்ஸ் என்னும் வேல்ஸ் நாட்டவர். இவர் கால்நடை மருத்துவத்தோடு மனித மருத்துவத்திலும் பட்டம் பெற்றவர். நுண்பெருக்கியைக் கையாள்வதில் பழக்கமுள்ளவர். நோயுற்ற குதிரையின் ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தபோது, சிவப்பணுக்களுக்கிடையே பாம்புபோல் நெளிந்து விரைந்தோடும் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். நோயுற்ற குதிரைகளிலும் ஒட்டகங்களிலும் அஃது இருந்தது. அக்குருதியை நலமான பிராணிகளின் உடலில் செலுத்தியபோது அவையும் நோயுற்றன. அவற்றின் குருதியிலும் அந்நுண்ணுயிர் பெருகிற்று. இதுவே நோயின் காரணம் என்று எவன்ஸ் தம் அறிக்கையில் எழுதினார்.

அவருடைய முடிவை அக்காலத்து அறிஞர்கள் ஏற்கவில்லை. அதற்கு அவர்கள் கூறிய நியாயம் முற்றிலும் அற்பமானதன்று என்பதை இங்கே சொல்ல வேண்டும். இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர், 1878-இல், கல்கத்தாவில் திமொதி லூயிஸ் என்னும் ஆராய்ச்சியாளர் எலிகளின் குருதியில் இதே வடிவுள்ள நுண்ணுயிரைக் கண்டு வெளியிட்டிருந்தார். இந்த லூயிஸ் சாதாரணமானவர் அல்லர். 1872-இல் மனிதக் குருதியில் யானைக்கால் நோய்க்குரிய நுண்புழுக்களைக் கண்டறிந்தவரும் அவரே. அவர் கண்ட எலிகளோ நல்ல உடல்நலத்துடன் ஓடித் திரிந்தன. எலியின் குருதியில் இருந்து எலிக்குத் தீங்கு செய்யாத ஒன்று, குதிரையின் குருதியில் இருந்து குதிரையைக் கொல்வது எங்ஙனம்? ஆகவே நுண்ணுயிர் நோயின் காரணமன்று, நோயால் கெட்டுப்போன குருதியில் பின்னர் வந்து தங்கியதே என்பது அக்காலத்தில் செல்வாக்குடன் விளங்கிய கருத்து. ஒரு கிருமியை நோயின் காரணம் என்று நிலைநாட்டுவதற்கு வேண்டிய விதிகளை ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடம் வகுத்து வெளியிட்டது 1884-இல்தான் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

எவன்ஸை மறுத்தவர்களின் தவறு அவர்கள் கண்ட உண்மையில் இல்லை; அதிலிருந்து செய்த ஊகத்தில் இருந்தது. ஓர் ஒட்டுண்ணி தீயதா தீங்கற்றதா என்பது அந்த ஒட்டுண்ணியை மட்டும் பொறுத்ததன்று. அது தங்கும் உடலையும் பொறுத்தது. எலியில் லூயிஸ் கண்டது வேறு இனம். எலியோடு நெடுங்காலமாக ஒத்து வாழப் பழகியது. சுர்ராவின் ஒட்டுண்ணியே மாட்டிலும் எருமையிலும் பல வேளைகளில் வெளித்தெரியாமல் அடங்கிக் கிடக்கிறது. அங்கே பால் சற்றுக் குறைவதும் கன்று விழுவதும் தவிர வேறு அடையாளம் தெரிவதில்லை. ஒட்டகத்தில் அது ஆண்டுக்கணக்காக இழுத்துக்கொண்டு போகும். குதிரையிலும் நாயிலும் மட்டும் கடுங்கோலம் கொள்ளும். சிகிச்சை பெறாத நாய் சில வாரங்களில் இறப்பதுண்டு. அதற்கு முன் அதன் கண்ணின் கருவிழி பால்போல் வெளுத்துப் பார்வை மங்கும்.

1885-இல் பர்மாவில் கோவேறு கழுதைகளிடையே பரவிய நோயை ஆராய்ந்த ஜான் ஹென்றி ஸ்டீல் இதே நுண்ணுயிரைக் கண்டார். அதன் இனத்தை அவர் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை எனினும், எவன்ஸின் பெயரையே அதற்குச் சூட்டினார். பின்னர் அஃது உரிய குடும்பத்தில் சேர்க்கப்பெற்று டிரிபனோசோமா எவன்சி என்னும் பெயர் நிலைத்தது. டிரிபனோசோமா என்பது துளையிடும் கருவி போன்ற உடலுடையது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். நோய் உண்டாக்கும் டிரிபனோசோமாக்களுள் முதன்முதலாக அறியப்பெற்றது இதுவே. ஆப்பிரிக்காவின் உறக்க நோய்க்குரிய கிருமிகள் இதன் பின்னரே வெளிப்பட்டன. எவன்ஸ் 1935-ஆம் ஆண்டில் நூறு வயது நிரம்பியபின் காலமானார். தம் கூற்று பாடநூலில் ஏறியதை அவர் காண முடிந்தது.

கடிக்கும் ஈயும் மாறும் சட்டையும்

குதிரையிலிருந்து குதிரைக்கு இஃது எவ்வாறு செல்கிறது? மழைக்காலத்திலும் அதனை அடுத்தும் நோய் மிகுவதைக் கண்ட குதிரைக்காரர்கள், அக்காலத்தில் பெருகும் பெரிய ஈக்களின்மேல் நெடுநாளாகவே ஐயம் கொண்டிருந்தனர். இந்திய அரசாங்கத்தின் கால்நடை நோய் ஆராய்ச்சிக் கூடம் 1889-இல் பூனாவில் தொடங்கப்பெற்று, 1893-இல் இமயமலைச் சாரலில் உள்ள முக்தேசுவருக்கு மாற்றப்பெற்றது. அதன் முதல் தலைவரான ஆல்பிரெட் லிங்கார்ட் சுர்ராவைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார். அங்கே லியோனார்ட் ராஜர்ஸ் 1901-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, குதிரை ஈ என்னும் கடிக்கும் ஈ இந்நோயைப் பரப்புவதை உறுதிப்படுத்தியது. நோயுற்ற விலங்கின்மேல் குருதி உறிஞ்சிக்கொண்டிருக்கும் ஈ வால் வீச்சால் விரட்டப்பட்டு, பசி தீராமல், உடனே அருகிலுள்ள விலங்கைக் கடிக்குமானால் நோய் தொற்றும். இடையில் காலம் கடந்துவிட்டால் தொற்றாது. அதாவது ஈயின் உடலில் ஒட்டுண்ணி வளர்வதில்லை. மருத்துவன் கழுவாத ஊசியைப்போல் ஈ அதனை எடுத்துச் செல்கிறது, அவ்வளவே.

ஆப்பிரிக்காவில் உள்ள இதன் உறவினங்கள் செத்சே ஈயின் வயிற்றில் பல நாட்கள் வளர்ந்து உருமாறிய பின்னரே பரவுகின்றன. எவன்சி இனம் அவ்வாறு வளர்வதற்கு வேண்டிய மரபுப்பொருளின் ஒரு பகுதியை இழந்துவிட்டது என்பதைப் பிற்கால ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. இழப்பாகத் தோன்றும் இதுவே அதற்கு ஆக்கமாயிற்று. செத்சே ஈ இல்லாத நாடுகளுக்கெல்லாம் அது ஒட்டகத்தோடும் குதிரையோடும் பயணம் செய்து, கடிக்கும் ஈ எது கிடைத்தாலும் அதில் தொற்றிக்கொண்டது. தென் அமெரிக்காவில் குருதி உறிஞ்சும் வௌவால்கூட அதனைச் சுமக்கிறது.

காய்ச்சல் ஏன் வந்து வந்து தணிகிறது என்ற கேள்வி நெடுங்காலம் தீராதிருந்தது. ஒட்டுண்ணியின் உடலை ஒரு புரதப் போர்வை மூடியிருக்கிறது. குதிரையின் உடல் அப்போர்வையை அடையாளங்கண்டு எதிர்ப்பொருள் உண்டாக்கி, ஒட்டுண்ணிகளை அழிக்கத் தொடங்கும்போது, அவற்றுள் ஒரு சில வேறு போர்வையை அணிந்துகொள்கின்றன. எதிர்ப்பொருள் அவற்றை அறியாது. அவை பெருகும்போது மீண்டும் காய்ச்சல் எழும். இவ்வாறு மாற்றி மாற்றி அணிவதற்கு நூற்றுக்கணக்கான போர்வைகளின் அமைப்பு அதன் மரபணுக்களில் எழுதப்பெற்றுள்ளது. தடுப்பூசி செய்ய முயன்றவர்கள் தோல்வியுற்றதற்கு இதுவே தலையான காரணம். மருந்தோ உண்டு. லிங்கார்ட் காலத்தில் பாஷாணத்தைக் கொடுத்துப் பார்த்தனர். அது ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவிற்கும் குதிரையைக் கொல்லும் அளவிற்கும் இடைவெளி மிகக் குறைவு. பின்னர் சுராமின் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் வந்த குவினாபைரமின் இந்தியாவில் இன்றும் பயன்படுகிறது. ஹிசாரில் 1985-இல் நிறுவப்பெற்ற தேசியக் குதிரையின ஆராய்ச்சி நிலையம் இந்நோயைக் குருதிநீர்ச் சோதனையால் கண்டறியும் முறைகளில் உழைத்து வருகிறது.

பூனைக் குடும்பமும் இதற்கு விலக்கன்று. 2000-ஆம் ஆண்டில் ஒரிசாவில் உள்ள நந்தன்கானன் உயிரியற் பூங்காவில் சில நாட்களுக்குள் பத்திற்கும் மேற்பட்ட புலிகள் இறந்தன. டிரிபனோசோமா நோயே காரணம் என்று கண்டறியப்பெற்றது. ஈக்கடியால் மட்டுமன்றி, நோயுற்ற விலங்கின் புதிய இறைச்சியைக் கடித்துத் தின்னும்போது வாயிலுள்ள புண் வழியாகவும் ஊனுண்ணிகளுக்கு இது தொற்றக்கூடும். இறைச்சிக்கூடத்துக் கழிவைத் தின்னும் தெருநாய்க்கும் இவ்வாறே வரும்.

மனிதனுக்கு இது வருவதில்லை என்று நூறாண்டுகளுக்கு மேலாக நம்பப்பட்டது. மனிதக் குருதிநீரில் இந்த ஒட்டுண்ணியைக் கொல்லும் ஒரு புரதம் இயல்பாகவே இருக்கிறது. ஆனால் 2004-ஆம் ஆண்டு இறுதியில் மகாராஷ்டிர மாநிலம் சந்திரப்பூர் மாவட்டத்தில் ஓர் உழவர் விட்டுவிட்டு வரும் காய்ச்சலோடு பல மாதம் அல்லலுற்றார். அவர் குருதியில் கண்டது டிரிபனோசோமா எவன்சியே. சுராமின் கொடுத்து அவர் குணமடைந்தார். பின்னர் அவருடைய குருதியை ஆராய்ந்தபோது, ஏனையோரைக் காக்கும் அப்புரதம் அவரிடம் பிறவியிலேயே இல்லை என்பது 2006-இல் வெளியாயிற்று. மனித இனத்தை இந்நோயிலிருந்து காத்து வந்தது ஒரே ஒரு புரதம் என்பது அவ்வாறு வெளிப்பட்டது. எனினும் அதுவே முழு விடையன்று. வியத்நாமில் பின்னர் நோயுற்ற ஒருவரிடம் அப்புரதம் குறைவின்றி இருந்தது.

சென்னை வேட்டைநாய்கள்

சுர்ராவின் ஒட்டுண்ணி குருதிநீரில் நீந்துவது. சிவப்பணுவின் உள்ளேயே புகுந்து அதனை உடைக்கும் ஒட்டுண்ணிகள் வேறு இனம். 1893-இல் அமெரிக்காவில் ஸ்மித், கில்போர்ன் ஆகியோர் மாடுகளின் காய்ச்சல் ஒன்றை உண்ணி பரப்புவதை நிலைநாட்டினர். அதற்குக் காரணமான பேபீசியா குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இனத்தை முதன்முதல் கண்டறிந்த பெருமை தமிழ்நாட்டிற்கு உரியது.

அக்காலத்தில் சென்னையில் வெள்ளையர்கள் வேட்டைச் சங்கம் ஒன்று வைத்து, கூட்டமாக வேட்டைநாய்களை வளர்த்து வந்தனர். கிண்டியிலுள்ள கிங் ஆராய்ச்சி நிலையத்தோடு தொடர்புடைய பேட்டன் என்னும் அறிஞர் அந்நாய்களின் குருதியை ஆராய்ந்து, சிவப்பணுக்களுக்குள் மிகச் சிறிய மோதிரம் போன்ற ஒட்டுண்ணிகளைக் கண்டார். நாய்களில் முன்னர் அறியப்பெற்றிருந்த பேபீசியா பெரியது. பேரிக்காய் வடிவில் இரட்டை இரட்டையாகத் தோன்றுவது. இஃது அதுவன்று. 1910-இல் புதிய இனமாக வெளியிட்ட அவர், அதே ஒட்டுண்ணி நரியின் குருதியிலும் இருப்பதைத் தெரிவித்தார். இன்று உலகெங்கும் பேபீசியா கிப்சோனி என்று வழங்குவது இதுவே.

நரி இங்கே வந்து சேர்ந்ததில்தான் பொருள் இருக்கிறது. இந்நாட்டு மண்ணில் நெடுங்காலமாக உண்ணிகளோடு வாழ்ந்த நரியும், கடல்கடந்து வந்த நாயும் ஒரே புதரில் ஓடின. உண்ணி இரண்டிற்கும் பொது. ஒன்றில் அடங்கியிருக்கும் ஒட்டுண்ணி மற்றொன்றில் கடுமையாவதற்கு இது ஏற்ற சூழ்நிலை. எலியையும் குதிரையையும் பற்றி எழுந்த பழைய வழக்கு இங்கே நரியையும் நாயையும் பற்றியதாக மீண்டது. ஆனால் முப்பதாண்டுகளில் விஞ்ஞானம் முன்னேறியிருந்தமையால், நரி நலமாக இருப்பதைக் காட்டி ஒட்டுண்ணி தீங்கற்றது என்று வாதிட யாரும் முன்வரவில்லை. 1937-இல் சுவாமிநாத், ஷார்ட் ஆகிய இருவர் இதனைப் பரப்பும் உண்ணியைப் பற்றிய தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மாட்டிலும் நாயிலும் ஒட்டும் ஹீமாபைசாலிஸ் என்னும் இனத்து உண்ணி அது.

இந்நோய் கண்ட நாய்க்கு முதலில் காய்ச்சலும் சோர்வும் வரும். ஈறுகள் வெளிறும், மண்ணீரல் வீங்கும், சிலவற்றில் சிறுநீர் காப்பி நிறமாகும். உடைந்த சிவப்பணுக்களின் நிறப்பொருளே அவ்வாறு வெளியேறுகிறது. பெரிய பேபீசியாவிற்குப் பயன்படும் ஊசிமருந்துகள் இதனிடம் முழுப்பயன் தருவதில்லை. நாய் தேறியதுபோல் தோன்றி, சில வாரங்களில் மீண்டும் விழும். மலேரியாவிற்கு வந்த அட்டோவாக்குவோன் என்னும் மருந்தை மற்றொரு கிருமிக்கொல்லியோடு சேர்த்துக் கொடுக்கும் முறை 2004-இல் வெளியான ஆராய்ச்சிக்குப்பின் வழக்கத்திற்கு வந்துள்ளது. எனினும் அதன் விலை சாதாரணக் குடும்பத்தால் தாங்கக்கூடியதன்று. உண்ணியின்றியும் இது பரவுவதுண்டு. நாய்ச்சண்டை நடத்தும் நாடுகளில், சண்டைக்கு வளர்த்த இனங்களிலேயே இது மிகுதியாகக் காணப்படுகிறது. கடித்த வாயிலிருந்து கடிபட்ட புண்ணிற்குக் குருதி செல்வதே காரணம். வேறொரு நாயின் குருதியை ஏற்றும்போதும், தாயிடமிருந்து குட்டிக்கும் தொற்றலாம். உண்ணி கடித்தவுடனே ஒட்டுண்ணி இறங்கிவிடுவதில்லை. அது ஒட்டியிருந்து குருதி உறிஞ்சும் நாட்களில்தான் உண்ணியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் முதிர்ச்சி அடைகிறது. ஆகவே நாள்தோறும் நாயின் காதுமடலையும் விரலிடுக்கையும் பார்த்து உண்ணியை எடுத்துவிடும் பழக்கத்திற்கு விஞ்ஞான ஆதாரம் உண்டு.

திருவிதாங்கூரின் யானைக்கால் நோயும் நாய் பூனைகளும்

மூன்றாவதாகக் கூறப்படுவது கேரளத்தைச் சார்ந்தது. இங்கே ஒட்டுண்ணி ஓரணு உயிர் அன்று, புழு. பழைய திருவிதாங்கூரில் சேர்த்தலைப் பகுதி யானைக்கால் நோய்க்குப் பேர்போனது. இந்தியாவின் ஏனைய இடங்களில் பெரும்பாலும் அந்நோய்க்குக் காரணமான புழு ஒன்று. சேர்த்தலையில் இருந்ததோ புரூகியா மலாயி என்னும் மற்றொன்று. இதனால் வரும் வீக்கம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேயே நிற்கும். 1930-களில் திருவிதாங்கூரில் இதனை ஆராய்ந்த எம். ஓ. டி. ஐயங்கார், பரப்புவது மான்சோனியா இனக் கொசு என்பதையும், அக்கொசுவின் புழு நீரில் வளரும் ஆகாயத்தாமரையின் வேரைத் துளைத்து அங்கிருந்தே காற்றைப் பெறுகிறது என்பதையும் விரிவாக எழுதினார். ஆகாயத்தாமரையை நீக்கினால் கொசுப்புழுவிற்கு மூச்சில்லை. வெங்காயத்தாமரையையும் இதனையும் ஒன்றாக எண்ணுவோர் பலர். ஆகாயத்தாமரை முட்டைக்கோசு போல் அடுக்கிதழாக நீரில் மிதப்பது. அப்பகுதியின் குளங்களில் தென்னை மட்டையை ஊறவைப்பதும் இச்செடியை எருவாக்குவதும் வழக்கமாதலால், நோய்க்கு இருப்பிடம் வீட்டு வாசலிலேயே இருந்தது. புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி ஒழிப்பு ஆராய்ச்சி நிலையம் 1986 முதல் அங்கே ஊர்மக்களைக் கொண்டே செடிகளை அகற்றி, குளங்களில் மீன் வளர்க்கச் செய்த முயற்சி குறிப்பிடத்தக்கது. மருந்தும் சேர்ந்தபோது மனிதர்களிடையே நோய் வெகுவாகக் குறைந்தது.

மனிதரிடம் குறைந்தது போதுமா என்பதே இப்போதைய கேள்வி. மலாயாவில் இப்புழுவின் ஒரு வகை பூனை, நாய், காட்டுக் குரங்கு ஆகியவற்றிலும் வாழ்வது 1950-களிலேயே தெரிந்தது. கேரளத்து வகை மனிதனிடம் மட்டுமே வாழ்வது என்று நினைத்திருந்தனர். ஆனால் கேரளக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அம்மாநில நாய்களின் குருதியில் புரூகியா மலாயியின் நுண்புழுக்கள் இருப்பதைச் சாயமுறையாலும் மரபணு முறையாலும் காட்டிற்று.

இதனைக் காட்டுவது எளிதன்று. கேரளத்து நாய்களின் குருதியில் நுண்புழு காணப்படுவது புதுமையே அல்ல. டைரோபைலேரியா ரெப்பன்ஸ் என்னும் புழு அங்கே சாதாரணம். அது நாயின் தோலின்கீழ் வாழ்வது. கொசு வழியாக மனிதனுக்கு வந்தால் முதிர்ந்து பெருக இயலாமல், கண்ணின் வெண்படலத்தின்கீழ் நூல்போல் ஊர்ந்து கண் மருத்துவரிடம் கொண்டு சேர்க்கும். இதன் நுண்புழுவிற்கு மேலுறை இல்லை. புரூகியாவின் நுண்புழுவோ மெல்லிய உறைக்குள் இருக்கும். வால் நுனியில் ஒன்றிலிருந்து ஒன்று விலகிய இரண்டு உட்கருக்கள் தெரியும். அவ்வுறையும் வாலும் கண்ணில் பட்டாலும் வேலை முடிந்துவிடவில்லை. இலங்கையில் நாய்களிடமிருந்து 1962-இல் விவரிக்கப்பெற்ற மற்றொரு புரூகியா இனம் உண்டு, தோற்றத்தால் ஏமாறக்கூடும். லூயிஸின் எலி எவன்ஸின் வழக்கைக் குழப்பியதுபோல, ஒத்த வடிவம் இங்கேயும் குழப்பம் செய்யும். ஆகவேதான் மரபணுச் சோதனை இன்றியமையாததாயிற்று.

இலங்கையின் அனுபவம் இதன் முக்கியத்துவத்தைக் காட்டுகிறது. அங்கே 1960-களின் இறுதியில் புரூகியா மலாயி மறைந்துவிட்டதாகக் கருதப்பெற்றது. யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டது என 2016-இல் உலக சுகாதார நிறுவனம் அந்நாட்டிற்கு உறுதியளித்தது. ஆயினும் புரூகியா மனிதரிடம் மீண்டும் தென்பட்டது. ஆராய்ந்தபோது நாய்களிலும் பூனைகளிலும் புரூகியா நுண்புழுக்கள் இருந்தன. இந்தியா 2027-க்குள் இந்நோயை அந்நிலையிலிருந்து நீக்கத் திட்டமிட்டுள்ளது. திட்டத்தின் மருந்து மனிதருக்கே கொடுக்கப்படுகிறது. நாயும் பூனையும் நோயைத் தேக்கிவைக்குமானால், கொசு இருக்கும்வரை அது திரும்பி வர வழி உண்டு. நாயிடமிருந்து மனிதருக்கு எவ்வளவு பரவுகிறது என்பதை அளந்தாலன்றி, நாய்களுக்கும் மருந்து கொடுக்கச் செலவிடுவது தகுமா என்று முடிவுசெய்ய இயலாது.

மனிதருக்குக் கொடுக்கும் அம்மருந்துகளின் வரலாறு இவ்விடத்தில் கூறத்தக்கது. டையெத்தில்கார்பமசின் என்னும் மருந்தை அமெரிக்காவில் உருவாக்கிய குழுவிற்குத் தலைவராக இருந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். 1947-இல் வெளியான ஆராய்ச்சியில் அது பருத்தி எலிகளிலும், இயல்பாகவே புழுநோய் கண்ட நாய்களிலும் பயன்தருவது காட்டப்பெற்றது. இப்போது சில மாவட்டங்களில் அதனோடு சேர்த்துக் கொடுக்கப்படும் ஐவர்மெக்டினும் முதலில் கால்நடைக்கும் குதிரைக்குமே வந்தது. நாயின் இதயப்புழுவைத் தடுக்கப் பயன்பட்டது. பின்னரே மனிதருக்குக் கொடுக்கப்பெற்று, அதனைக் கண்டவர்களுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு விலங்கிற்கு நன்மை செய்யும் மருந்து அதன் இனத்திலேயே மற்றொன்றைக் கொல்லவும் கூடும் என்பதற்கும் இதுவே சான்று. காலி என்னும் இடையர் நாய்கள் பலவற்றில், மருந்தை மூளையினின்று வெளியேற்றும் புரதம் மரபணுக் குறையால் வேலை செய்வதில்லை. அந்நாய்களுக்கு இம்மருந்து அதிக அளவில் நஞ்சாகும்.

நாய் அல்லது பூனை காய்ச்சலால் சோர்ந்து ஈறு வெளிறிக் காணப்பட்டால், மருந்து கொடுப்பதற்கு முன்னரே குருதியைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்திற்குப்பின் ஒட்டுண்ணி மறைந்திருக்கும். ஆனால் நோய் நீங்கியிராது. சுர்ராவையும் பேபீசியாவையும் தேடுவோர் காய்ச்சல் மிகுந்துள்ள வேளையில் காதுநுனியில் குத்தி எடுத்த துளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பிக் காற்றில் உலர்த்த வேண்டும். சுர்ராவிற்கு மட்டும், உலர்த்தாத துளி ஒன்றையும் அங்கேயே நுண்பெருக்கியில் பார்த்தல் நலம். அதன் ஓட்டமே அதனைக் காட்டிக்கொடுக்கும். புரூகியாவின் நுண்புழு பகலில் நுரையீரல் நாளங்களில் ஒதுங்கி இரவில் வெளி நாளங்களுக்கு வருவது. ஆகவே அதனைத் தேடுவோர் இரவு பத்து மணிக்குப்பின் எடுத்த குருதியை, உறையாமலிருக்கும் மருந்திட்ட குப்பியில் வைத்து, எடுத்த நேரத்தை அதன்மேல் எழுதி அனுப்புதல் வேண்டும். திருவனந்தபுர மாவட்டத்தார் பாலோட்டிலுள்ள மாநிலக் கால்நடை நோய் ஆராய்ச்சி நிலையத்தையும், ஏனையோர் தத்தம் கால்நடை மருத்துவக் கல்லூரிகளையும் அணுகலாம்.